கெனால் ஹோட்டல் போட்ல ஒரு வாரம்: காசு கட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்?

கேள்வி: அக்கா, நாங்க இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கோம். வர்ற ஜூன்ல மாமனார் மாமியார் ஊர்லேருந்து வராங்க. மாமாவுக்கு 68 வயசு, முட்டி வலி உண்டு. ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. எல்லாரும் சேர்ந்து கெனால் ஹோட்டல் போட்ல, அதாவது அவங்க ஆளுங்களே ஓட்டி சமைச்சுப் போட நாம அதுலயே தங்கிப் போற போட்ல, ஒரு வாரம் போலாம்னு வீட்டுக்காரர் சொல்றார், ஆளுக்கு ஆயிரத்து சொச்சம் பவுண்டு கேக்குறாங்க. நாலு பேருக்கு அந்தக் காசுல ஒரு போட்டையே வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிக்கலாமேன்னு எனக்குத் தோணுது. எது சரி?

பதில்: கணக்கா பார்த்தா நீங்க சொல்றது சரிதான், வாடகை போட்டுக்கு மொத்த போட்டுக்கும் சேர்த்து ஒரு விலை, ஹோட்டல் போட்டுக்கு தலைக்கு இவ்வளவு. லைசன்ஸும் வேணாம், கிளம்புற அன்னிக்கு கொஞ்ச நேரம் சொல்லிக் குடுத்துட்டு சாவிய கையில குடுத்துருவாங்க. ஆனா வேலை எங்க இருக்குன்னா லாக்ல இருக்கு, அதாவது கெனால் மட்டம் மாறுற இடத்துல போட்ட ஏத்தி எறக்குற, ரெண்டு பக்கமும் கதவு வெச்ச தண்ணித் தொட்டி. ஒவ்வொரு லாக்குக்கும் கரையில எறங்கி, விண்ட்லஸ்னு ஒரு இரும்புக் கைப்பிடிய மாட்டி மதகை சுத்தித் தொறந்து, ரெண்டு பக்கமும் தண்ணி மட்டம் ஒண்ணாகுற வரைக்கும் நின்னு, அப்புறம் அந்தப் பெரிய மரக்கதவை முதுகைக் குடுத்து தள்ளணும். உங்க பக்கத்துக் கெனாலான கென்னட் அண்ட் ஏவன்லயே டிவைசஸ் ஊர்ல கேன் ஹில்னு ஒரு இடம், ரெண்டு மைல்ல 29 லாக், 237 அடி ஏத்தம், அதைத் தாண்டவே அரை நாளுக்கு மேல ஆயிரும். மாமா முட்டி வலியோட குதிக்க மாட்டார், அத்தைய கதவு தள்ளச் சொல்ல முடியாது, வீட்டுக்காரர் பின்னாடி நின்னு சுக்கான் புடிச்சிட்டு போட்டோவுக்கு போஸ் குடுப்பார், ஆக லாக்கும் நீங்க, சமையலும் நீங்க. அது லீவு இல்லம்மா, வீட்டு வேலைய தண்ணியில போய் செய்யுறது. ஹோட்டல் போட்ல ஓட்டுறது, லாக், மூணு வேளை சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு, அந்த ஆயிரத்து சொச்சத்துல பாதிக்கு மேல அந்த ஆளுங்களோட உழைப்புக்குத்தான்னு நெனச்சுக்கோங்க. அதனால என் ஓட்டு ஹோட்டல் போட்டுக்கு.

ஆனா ஹோட்டல்ங்குற வார்த்தைய நம்பி ரூம் சைஸ கற்பனை பண்ணிக்காதீங்க. இந்த கெனால்ல ஓடுற ஒல்லியான நீள போட்டுக்கு நாரோபோட்டுன்னு பேரு, அதோட வெளி அகலமே 6 அடி 10 அங்குலம்தான், ஏன்னா அந்தக் காலத்துல கட்டுன சின்ன லாக்கெல்லாம் 7 அடி. அதுல நடைவழி போக மிச்சம்தான் கேபின், கட்டில் நம்ம ரயில் பெர்த்தை விட கொஞ்சம் பெருசு. நாங்க மொத தடவை போனப்ப பெரிய சூட்கேஸ கொண்டு போயிட்டோம், அதை கட்டில் மேல தொறந்து வெச்சா எங்க வீட்டுக்காரர் வெளிய நடைவழியில நிக்கணும், மூடுனாத்தான் உள்ள வர முடியும். மடிச்சு கட்டிலுக்கு அடியில தள்ளுற மாதிரி துணி பேக்தான் லாயக்கு.

முட்டி விஷயத்துக்கு வர்றேன். போட் ஆடும்னு பயப்படாதீங்க, கெனால்ல ஆழமே கம்மி, அலையும் கிடையாது. படிக்கட்டுதான் பிரச்சனை. கரையிலேருந்து ஒரு எட்டு வெச்சு ஏறி, அப்புறம் செங்குத்தா ரெண்டு மூணு படி உள்ள எறங்கணும், ஒரு நாளைக்கு பத்து தடவை. புக் பண்றதுக்கு முன்னாடி படி எத்தனை, கைப்பிடி இருக்கா, பாத்ரூம் கேபினுக்குள்ளயா இல்ல பொதுவான்னு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. போட் உங்க ஊர்ப் பக்கம் வர்றப்ப நேர்லயே ஒரு தடவை ஏறி எறங்கிப் பார்த்துட்டா இன்னும் நல்லது.

சில பேர் ரெண்டு போட்ட ஜோடியா ஓட்டுவாங்க, முன்னாடி இன்ஜின் போட், பின்னாடி பட்டின்னு இன்ஜினே இல்லாத போட். மத்தியானம் தூங்குற பழக்கம் இருந்தா பட்டியில கேபின் கேளுங்க, சத்தமே இருக்காது. சின்ன லாக்ல ஜோடி சேர்ந்து போக முடியாது, மொதல்ல இன்ஜின் போட் போயிரும், அப்புறம் பட்டிய கயிறு கட்டி கையாலயே இழுப்பாங்க, அதைப் பார்க்கவே நான் இன்னொரு தடவை போவேன்.

சாப்பாடு ஒரே மேசையில, எல்லாருக்கும் ஒரே மெனு, பக்கத்துல முன்னப்பின்ன தெரியாத வெள்ளைக்கார தம்பதி. வெஜிடேரியன்னு மட்டும் சொன்னீங்கன்னா ஆம்லெட் வரும், கேக்குல முட்டை இருக்கும். முட்டை வேணாங்குறத மெயில்ல எழுதிக் குடுத்து பதில் வாங்கி வெச்சுக்கோங்க. அந்தச் சின்ன சமையலறைக்கு முன்கூட்டியே சாமான் வாங்கிருவாங்க, ஏறுற அன்னிக்கு சொன்னா சமைக்கிறவங்க பாவம் என்ன பண்ணுவாங்க. ஊறுகாய் பாட்டில் உங்க பொறுப்பு.

இப்ப காசு. டெபாசிட்ட கிரெடிட் கார்டுல கட்டுங்க, அதுவும் ஏஜென்ட் இல்லாம நேரா போட் நடத்துறவங்களுக்கே. விலை 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் இருந்தா 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் 75ஆம் பிரிவுல, சொன்னபடி ட்ரிப் நடக்கலன்னா கார்டு கம்பெனியும் பொறுப்பு, டெபாசிட் மட்டும் கார்டுல கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கேக்கலாம். டெபிட் கார்டுக்கு அந்த 75 கிடையாது. ஆன்லைன்ல வாங்குனத 14 நாளைக்குள்ள வேணாம்னு சொல்லலாம்ல, அது தேதி போட்டு புக் பண்ற லீவுக்கு செல்லாது. கம்பெனி திவாலாயிட்டா எங்க காசு எங்க இருக்கும், பல சேவைய ஒண்ணா சேர்த்து விக்குற பேக்கேஜ் ட்ரிப்புக்கு பாதுகாப்பு குடுக்குற 2018 பேக்கேஜ் டிராவல் சட்டத்துல இந்த ட்ரிப் வருதான்னு எழுத்துல கேளுங்க, மழுப்புனா வேற ஆளப் பாருங்க. மாமா அத்தைக்கு விசா கையில வர்ற வரைக்கும் பேலன்ஸ் கட்டாதீங்க, விசா கிடைக்கலன்னு சொன்னா யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

இன்னொண்ணு, நெறைய ட்ரிப் ஒரு ஊர்ல ஏறி வேற ஊர்ல எறங்குறது. காரை ஏறுற ஊர்ல விட்டுட்டு போனீங்கன்னா திரும்பி வர்ற டாக்ஸி செலவு உங்களுது.

கேள்வி: 2025 கோடைல தண்ணி இல்லாம கெனாலையே மூடிட்டாங்களாமே, அப்படி ஆனா காசு போச்சா?

பதில்: ஆமா, அந்த வருஷம் மாக்கிள்ஸ்ஃபீல்டு, பீக் ஃபாரஸ்ட் கெனால் பக்கமெல்லாம் லாக்கை பூட்டிட்டாங்க, அதுல மாட்டுனது நானும்தான். அந்த ரெண்டு கெனால் வழியாவும் போற செஷயர் ரிங்னு 97 மைல் சுத்துக்கு காசு கட்டியிருந்தேன், கிளம்ப ஒரு வாரம் இருக்கறப்ப ட்ரென்ட் அண்ட் மெர்சி கெனால்ல போயிட்டு அதே வழியா திரும்பி வர்றதா மாத்திட்டோம்னு மெயில் வந்துச்சு. ரீஃபண்ட் கேட்டேன், வழி மாறலாம்னு கண்டிஷன்ல போட்டிருக்கோமேன்னு சொன்னாங்க. பேக்கேஜா இருந்தா முக்கியமான விஷயத்த பெருசா மாத்துறப்ப அபராதம் இல்லாம கேன்சல் பண்ற உரிமை நமக்கு உண்டு, அதைச் சொல்லி ரெண்டாவது மெயில் போட்ட பிறகுதான் கொஞ்சம் எறங்கி வந்து ஒரு பகுதிய கழிச்சாங்க. நான் போயிட்டும் வந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கேட்டது அது இல்லையே. கெனாலையெல்லாம் பராமரிக்கிற கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்டோட வெப்சைட்ல எந்த லாக் மூடியிருக்கு, எப்ப வரைக்கும்னு போட்டிருப்பாங்க, பேலன்ஸ் கட்டுறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை பார்த்துருங்க. நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் ரிப்பேருக்காக லாக் மூடுறதும் வழக்கம், அதனால குளிர்காலத்துல யாராவது மலிவா குடுத்தா ஏன்னு கேளுங்க.