கொழிஞ்சாம்பாறையில் அம்மோனைட் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பாறைகளில் அம்மோனைட் (அழிந்துபோன கடல் உயிரின் சுருள் ஓட்டுப் புதைபடிவம்) தேடலாமா? கிடைத்தால் எப்படிச் சுத்தம் செய்வது?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: வீண் அலைச்சல். உங்கள் பக்கம் இருப்பது பூமிக்கடியில் வெந்து உருமாறிய நைஸ் பாறை; அதில் புதைபடிவம் தங்காது. பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போங்கள். அங்கே இருப்பது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிக் களிமண். மழை ஓய்ந்ததும் ஓடைச் சரிவுகளில் பாருங்கள். இருபக்கமும் ஒரே மாதிரி சுருண்டிருந்தால் பெரும்பாலும் அம்மோனைட். ஒரு பக்கம் கூம்பினால் பெரும்பாலும் நத்தை. நிலத்துக்காரரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். சாத்தனூர் கல்மரப் பூங்காவில் கை வைக்கவே கூடாது.

விரிசல் கண்டதைப் பிடுங்காமல் களிமண்ணோடு பெயர்த்து நிழலில் உலர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீரில் ஊறினால் களிமண் உப்பி ஓடு உதிரும். வினிகர் வேண்டாம்: சுண்ணாம்பாலான ஓடே கரைந்துவிடும். உதிரும் ஓட்டை இறுக்க, பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்துத் தடவலாம். ஈரம் இருந்தால் வெள்ளை பூக்கும். எடுத்த இடத்தை அன்றே சீட்டில் எழுதிவையுங்கள், இல்லையென்றால் அது வெறும் அலங்காரக் கல்.