பழைய டிவிக்கு ஸ்பேர் "வராது" என்கிறார்கள். எப்படித் தேடிப் பிடிப்பது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வீட்டில் பழைய பிக்சர் டியூப் டிவி ஒன்று இருக்கிறது, பழுது பார்க்க ஆசை, ஆனால் எங்கே கேட்டாலும் "அந்த மாடலுக்கு இப்போ ஸ்பேர் வர்றதில்லை" என்று கையை விரிக்கிறார்கள்.

மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். மாடல் நம்பர் என்பது வெளிப்பெட்டிக்கு வைத்த பெயர். உள்ளே இருக்கும் சேஸிஸுக்கு, அதாவது சர்க்யூட் முழுதும் அமைந்த தொகுதிக்கு, தனி எண் உண்டு. தேட வேண்டியது அதை வைத்துத்தான். ஒரே சேஸிஸைப் பல மாடல்களில், சில நேரம் பல கம்பெனிப் பெயர்களில் விற்றிருப்பார்கள். பிரிட்டனின் தார்ன் 3000 சேஸிஸ், ஃபெர்குசன், எச்எம்வி, அல்ட்ரா, மார்கோனிஃபோன் என்று வெவ்வேறு பெயர்ப்பலகைகளோடு வந்தது. ஃபெர்குசனுக்கு ஸ்பேர் வேண்டும் என்று அலைபவரின் கண்ணெதிரே அல்ட்ரா ஒன்று காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அதற்கும் ஒருபடி கீழே இறங்குங்கள். போர்டில் பாகத்தின் மேலேயே இருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஜப்பான் டிரான்சிஸ்டர்களில் இடமில்லாததால் முன்னால் வரும் '2எஸ்'ஸை விட்டுவிடுவார்கள். 'சி1815' என்று இருந்தால் அது 2எஸ்சி1815. ஐரோப்பிய வகையில் 'பியூ' என்று தொடங்கினால் சிலிக்கான் பவர் ஸ்விட்ச்சிங், 'பிஎஃப்' என்றால் குறைந்த பவர் ஹை ஃப்ரீக்வன்சி. ஐசிகளில் 'ஏஎன்' மட்சுஷிட்டா, 'எல்ஏ' சான்யோ, 'டிஏ' (TA) தோஷிபா, 'எச்ஏ' ஹிட்டாச்சி. அமெரிக்க செட்டில் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் '137 6418' என்று அச்சடித்திருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனியின் எண், மீதி 1964-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். செட்டின் வயதும் இதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிப் படித்துப் பார்த்தால் பாதிப் பாகங்களுக்குத் தேடலே தேவையில்லை என்று புரியும். ரெசிஸ்டர், டயோடு, சின்ன டிரான்சிஸ்டர் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டன்சருக்குப் பதிலாக அதே மதிப்பில், அதே வோல்டேஜோ கூடுதலோ உள்ள ஃபிலிம் கண்டன்சர் போட்டால் போதும். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை மட்டும் 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டப்பா புதிதாக இருக்கலாம், உள்ளே இருக்கும் திரவத்துக்கு வயசாகிவிட்டது.

இதில் கை வைக்கக் கூடாத ஒன்று உண்டு. படக் கோடுகளை இழுக்கும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் நிற்கும் 1.6 கேவி டியூனிங் கண்டன்சர். அதன் மதிப்பைக் குறைத்தால் ஃபிளைபேக் நேரம் (ஒரு கோடு முடிந்து அடுத்ததற்குத் திரும்பும் நேரம்) குறுகி ஈ.எச்.டி., அதாவது பிக்சர் டியூபுக்குப் போகும் உயர் வோல்டேஜ், ஏறும், டிரான்சிஸ்டர் போவது மட்டுமல்ல, எக்ஸ்-ரே கசிவும் கூடும். அச்சு அசலாக அதே மதிப்பு, அதே வகை பாலிபுரொப்பிலீன். இருப்பதைப் போட்டு ஓட்டிவிடலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அதே இடத்தில் நிற்கும் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பியூ208ஏ அல்லது அதன் உறவு. இரும்புத் தொப்பி போட்ட அந்த உருவத்தில் நல்ல சரக்கு குறைந்துவிட்டது. பிளாஸ்டிக் உடம்போடு வரும் பியூ508ஏ அதே 1500 வோல்ட் வேலையைச் செய்யும், ஹீட் சிங்கில் துளை மட்டும் புதிதாகப் போட வேண்டும். கடைசி எழுத்தைப் பாருங்கள். 'டி' (D) என்றால் டேம்பர் டயோடு உள்ளேயே இருக்கிறது. 'டி' இருந்த இடத்தில் 'ஏ' போட்டால் அது நிலைக்காது. 'டி' வகையில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டர் சில பத்து ஓம்தான் காட்டும். உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. ஷார்ட் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போலிகள் அதிகம் புழங்குவதும் இந்த வகையில்தான். அசிட்டோன் தொட்ட பஞ்சால் முகத்தைத் துடைத்தால் சிலவற்றில் கருப்புப் பூச்சோடு எண்ணும் சேர்ந்து வந்துவிடும்.

உண்மையிலேயே திண்டாட வைப்பவை கொஞ்சம்தான். சோனியின் 1970-களின் சில டிரினிட்ரான்களில் டிரான்சிஸ்டருக்குப் பதில் எஸ்ஜி-613 என்ற கேட் கன்ட்ரோல்டு ஸ்விட்ச் இருக்கும். அங்கே சாதாரண டிரான்சிஸ்டரை மாட்டி ஒப்பேற்ற முடியாது. அடுத்தது எல்.ஓ.டி., அதாவது உயர் வோல்டேஜைத் தரும் லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஒவ்வொரு சேஸிஸுக்கும் தனியாகச் சுற்றியது, கால்களின் வரிசையும் தனி. இதற்கு ஸ்பெயினின் எச்ஆர் டீமன் கம்பெனி தந்த மாற்று எண்கள்தான் பெரிய துணை. கம்பெனி எண்ணுக்கு நேராக 'எச்ஆர்' எண் என்ன என்று கண்டுபிடித்துவிட்டால், தேட ஒன்றுக்கு இரண்டு பெயர் கிடைக்கும். எண்ணைக் கோடு போட்டு, கோடு இல்லாமல், இடைவெளி விட்டு என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். விற்பவர் எப்படி அடித்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்? வாங்குவதற்கு முன் உங்களுடைய எல்.ஓ.டி. போய்விட்டது என்பது உறுதிதானா என்றும் பாருங்கள். சுருளின் ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஷார்ட் ஆனால் ஓம் மீட்டருக்குத் தெரியாது. சுருளுக்கு ஒரு துடிப்புக் கொடுத்து அலை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும் ரிங் டெஸ்ட் போட்டால்தான் தெரியும்.

வால்வு செட் வைத்திருப்பவர்கள் பயப்படுவார்கள், அவர்கள் பாடுதான் சுலபம். டிவிக்கென்று செய்த 'பி' (P) வரிசை வால்வுகளின் ஹீட்டர் 300 மில்லி ஆம்பியரில் வரிசையாக எரிவது. ஆடியோ ஆட்களுக்கு 6.3 வோல்ட் 'ஈ' வரிசை வேண்டும். ஈசிஎல்86-க்கு அடித்துக்கொள்வார்கள்; ஹீட்டர் தவிர அதே வால்வான பிசிஎல்86 பக்கம் அவ்வளவு கூட்டம் இருக்காது.

பிக்சர் டியூப் விஷயம் வேறு. எண்ணைப் படிக்கலாம்: ஐரோப்பிய வகையில் 'ஏ66' என்றால் 66 செ.மீ. மூலைவிட்டம், கடைசியில் 'எக்ஸ்' வந்தால் கலர், 'டபிள்யூ' வந்தால் கருப்பு-வெள்ளை. அமெரிக்க வகையில் பி22 கலர், பி4 கருப்பு-வெள்ளை. மாற்று தேடும்போது அளவு மட்டும் பொருந்தினால் போதாது. கழுத்தின் விட்டம், டிஃப்ளெக்‌ஷன் கோணம் 90-ஆ 110-ஆ, ஹீட்டர் வோல்டேஜ், பின் (pin) அமைப்பு எல்லாம் சேர வேண்டும். வாங்கும் முன் கெட்டர் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். கழுத்துப் பக்கம் கண்ணாடியின் உள்ளே படிந்திருக்கும் அந்தப் பூச்சு வெள்ளிபோல் பளபளத்தால் வெற்றிடம் இருக்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி 1954-இல் விட்ட சிடி-100 கலர் செட்டுக்கு இன்று நல்ல டியூப் கிடைப்பது அரிது. அதன் 15ஜிபி22 டியூப்கள் பலவற்றில் இப்படித்தான் காற்று புகுந்துவிட்டது.

டியூப், எல்.ஓ.டி. இரண்டுக்கும் என் யோசனை ஒன்றே: தனிப் பாகமாகத் தேடுவதைவிட அதே சேஸிஸில் இன்னொரு செத்த செட்டை முழுசாக வாங்கிவிடுங்கள். இடத்தை அடைக்கும், வீட்டில் திட்டு விழும், ஆனாலும் லாபம். டியூனர், யோக், எங்கும் கிடைக்காத ஒரு ஐசி, பின்பக்க மூடியின் திருகு வரை ஒரே இடத்தில் கிடைத்துவிடும். கழற்றும் முன் ஆனோடு கேப்பை (பிக்சர் டியூபில் உயர் வோல்டேஜ் ஒயர் சேரும் ரப்பர் மூடி) டிஸ்சார்ஜ் செய்ய மறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி நாளாகியிருந்தாலும் டியூப் ஷாக் வைத்திருக்கும். கடை மூடிய பழைய மெக்கானிக்குகள், ஹாம் ரேடியோ ஆட்களிடமும் சொல்லி வையுங்கள். அவர்களின் பரணில் இருப்பது எந்த இணையத்திலும் ஏறியிருக்காது. சேஸிஸ் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

பாகத்துக்காக வாங்கிய அந்தச் செத்த செட் வந்ததும் முதலில் நாப்களைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் கிடைத்த பிறகும் சானல் நாப் ஒன்று கிடைக்காமல் செட் மூளியாக நிற்பது சகஜம். ஐரோப்பிய, ஜப்பானிய ஷாஃப்ட் பெரும்பாலும் 6 மி.மீ., அமெரிக்கன் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பெரிய துளையுள்ள நாப் சிறிய ஷாஃப்டில் ஆடும், சிறிய துளையுள்ளது பெரிய ஷாஃப்டில் ஏறாது. எதுவும் அமையாவிட்டால் மீதியிருக்கும் ஜோடி நாப்பை வைத்து சிலிகோன் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி வார்த்துக்கொள்ளலாம். நிறம் மட்டும் சேர்வதற்கு இரண்டு மூன்று முறை கலக்க வேண்டியிருக்கும்.