வயிற்றுக் கோளாறுக்கு ‘மனசு மாத்திரை’ எதற்கு?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். வயது 38. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழை வெள்ளம் வடிந்த சமயத்தில் எங்கள் ஊரில் பலருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. எனக்கும் வந்து ஒரு வாரத்தில் நின்றது. அதிலிருந்து வயிறு பழையபடி இல்லை. காலையில் மூன்று நான்கு தடவை போகவேண்டியிருக்கிறது. அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும், போய்வந்தால் கொஞ்சம் தணியும். ஆற்றில் தண்ணீர் வருமா என்று கவலைப்படும் நாட்களிலும், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் காத்திருக்கும்போதும் ரொம்ப அதிகம். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ‘ஐபிஎஸ்’ (எரிச்சலுறும் குடல் நோய்) என்று சொல்லி, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார் டாக்டர். மருந்துக்கடையில் ‘இது மனநோய்க்குக் கொடுப்பதாச்சே’ என்றார்கள். பயந்துபோய் நான் போடவில்லை. எனக்கு வியாதி வயிற்றிலா, மனசிலா? குடல் பாக்டீரியா சரியானால் மனசும் சரியாகிவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அந்த கேப்சூலை வாங்கலாமா? பழைய சோறே போதுமா?

பதில்: அந்த மாத்திரையைப் போடலாம். நீங்கள் சொல்லும் தொந்தரவுக்குப் பொருத்தமான மாத்திரைதான் அது. காரணம் புரிந்தால்தான் பயமில்லாமல் போடுவீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய் வரைக்கும் குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் பரவியிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் குடல் தானாகவே உணவைத் தள்ளிக்கொண்டு போகும் என்பதை இங்கிலாந்தில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் 1899-லேயே காட்டினார்கள். இந்தக் குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் முக்கியமான நரம்பு வேகஸ். அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. குடல் சொல்லிக்கொண்டே இருக்கிறது, மூளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலானவை நமக்குத் தெரியவே வராது.

மேலிருந்து கீழே வரும் செய்தியும் உண்டு. ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்கவில்லை என்றாலோ, அறுத்த நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டிவிடுமோ, அதற்குள் மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, மூளை சிஆர்எஃப் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. உடம்பின் அபாய மணி அதுதான். அது இரைப்பையை மந்தமாக்குகிறது, பெருங்குடலை முடுக்கிவிடுகிறது. அதனால்தான் அந்த நாட்களில் சாப்பாடும் இறங்காது, வயிறும் ஓடும். இரண்டும் ஒரே காரணத்தால் நடப்பது. இதில் கற்பனை என்று எதுவும் இல்லை.

இனி உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதும் வரிக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்த சமயத்து வயிற்றுப்போக்கு. கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் பலத்த மழை பெய்து, மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் குடிநீர்க் கிணற்றில் கலந்து, ஆயிரக்கணக்கானோர் நோய்வாய்ப்பட்டார்கள். ஆய்வாளர்கள் அந்த ஊர்க்காரர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு வருஷம் கழித்தும், அப்போது நோய்வாய்ப்பட்டவர்களிடம் ஐபிஎஸ் கூடுதலாகவே இருந்தது. ஏற்கெனவே மனப்பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். அதாவது கிருமி தொடங்கிவைக்கிறது, மனநிலை அதற்கு வழிவிடுகிறது. மழைக்காலம் முடிந்ததும் டெல்டாவின் பல ஊர்களிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் குறைவு. குடல் புண் ஆறிவிடும், கிருமியும் போய்விடும். ஆனால் குடல் நரம்புகள் மட்டும் உஷார் நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆசனவாய் வழியாகச் சிறிய பலூனை வைத்து மெல்ல ஊதினால், மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே ஐபிஎஸ் உள்ளவர்கள் வலி என்கிறார்கள். 1970-களிலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம் இது. ரேடியோவில் வால்யூமைக் கூட்டி வைத்த மாதிரி, சாதாரண வாயுவும் அசைவும் வலியாகக் கேட்கிறது. ஸ்கேனிலும் கொலோனோஸ்கோப்பியிலும் புண்ணும் கட்டியும் தெரியும், நரம்பின் உணர்ச்சி எவ்வளவு கூடியிருக்கிறது என்பது தெரியாது. ‘எல்லாம் நார்மல்’ என்பதற்கு ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று அர்த்தம் கிடையாது. அப்படிச் சொல்லி அனுப்பும்போது நோயாளி படும் அவமானத்தைப் பார்த்து எனக்குப் பலமுறை மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

வயிற்றிலா, மனசிலா என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவை 12 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வயிறு நன்றாக இருந்தும் பதற்றம் இருந்தவர்களுக்குப் பின்னால் வயிற்றுக் கோளாறு கூடுதலாக வந்தது. மனசு நன்றாக இருந்தும் வயிற்றுக் கோளாறு இருந்தவர்களுக்குப் பின்னால் பதற்றம் கூடுதலாக வந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் தொடங்கலாம். உங்களுக்கு வயிற்றில் தொடங்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, மாத்திரை. அமிட்ரிப்டிலின் பழைய மனச்சோர்வு மருந்துதான். மருந்துக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் மனச்சோர்வுக்குப் பொதுவாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்போம். 10 மில்லிகிராம் என்பது குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியைத் தணிப்பதற்கான அளவு. குடலின் ஓட்டத்தையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதால், வயிறு ஓடும் வகைக்கு அது கூடுதல் லாபம். இங்கிலாந்தில் ஐபிஎஸ் உள்ள 463 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. சத்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, இதை 10 முதல் 30 மில்லிகிராம் வரை சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு நன்றாகவே குறைந்தது.

இரவு படுக்கப்போகும் முன் போடுங்கள். முதல் சில நாட்கள் வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். அது தெளியும்வரை விடியற்காலையில் டிராக்டரோ பைக்கோ ஓட்டாதீர்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நாலு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். இதற்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், ஆனால் நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக நிறுத்த வேண்டும். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் இறங்கச் சிரமம், இவற்றில் ஏதாவது இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டு வந்தாலோ, தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த கேப்சூல். வீடியோக்காரர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் 2004-ல், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகள் சின்ன நெருக்கடிக்கும் அளவுக்கு மீறி மன அழுத்த ஹார்மோன் சுரப்பதைக் கண்டார்கள். ஒரு வகை பாக்டீரியாவைக் கொடுத்ததும் அது சமநிலைக்கு வந்தது. 2011-ல் அயர்லாந்து, கனடா ஆய்வாளர்கள் வேறொரு பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது பயம் குறைந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்தால் அந்தப் பலன் இல்லை. அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் இரண்டாவது ஆய்வின் அதே பாக்டீரியாவைப் பிறகு ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மன அழுத்தத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை. 2017-ல் அதை வெளிப்படையாகவே எழுதினார்கள். இந்தக் கடைசிப் பகுதியை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.

மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது, அதனால் சந்தோஷமே குடலில்தான் என்றும் சொல்வார்கள். முதல் பாதி சரி. ஆனால் அந்தக் குடல் செரட்டோனின் மூளைக்குள் போகாது, நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்ட அதனால் முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவர் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டுதலிலும், ஐபிஎஸ்ஸுக்கு புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மருந்துகளை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்தை நீங்கள் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பழைய சோறு தாராளமாகச் சாப்பிடுங்கள். லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கும், உடம்புக்கும் இதம். மனசுக்கு மருந்து என்று மட்டும் அதன் தலையில் பாரத்தை ஏற்ற வேண்டாம். ஊற வைக்கக் காய்ச்சி ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள், வெள்ளக் காலத்தில் கட்டாயமாக. கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகளில் சிறுகுடலில் சீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகும் சர்க்கரைகள் உண்டு. நரம்பு உஷாராக உள்ள குடலுக்கு அந்த வாயுவே வலி. பச்சை மிளகாயும் வலி நரம்பைத் தூண்டும். நான்கு வாரம் வெங்காயத்துக்குப் பதில் நார்த்தங்காய் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்துச் சோறு இந்த வயிற்றுக்கு நல்லதுதான், சப்பாத்திக்கு மாற வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கும்போது வெறும் வயிற்றில் டீக்கு மேல் டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். டீயிலுள்ள காஃபீனும் பாலும் ஏற்கெனவே முடுக்கிவிட்ட குடலை இன்னும் விரட்டும்.

தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பில்லை, கடனை நினைத்தால் வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது என்றால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் நான் மேலே சொன்னதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் மாத்திரை தொடங்கிய ஆறாவது வாரம் போனால் போதும். அதுவரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனீர்கள், வலி எவ்வளவு என்று நெல் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்தால், 10 மில்லிகிராமே போதுமா, கூட்ட வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.