அடுத்த கடையும் ராமென் கடைதான்

கேள்வி: என் மகன் டோக்கியோவில் படிக்கிறான். அவன் தங்கியிருக்கும் தகதனோபாபா பகுதியில் ரயிலை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ராமென் நூடுல்ஸ் கடைதானாம். தெரிந்தே போட்டியாளன் வாசலில் போய்க் கடை போடுவது முட்டாள்தனம் இல்லையா? எல்லாருக்கும் எப்படி வியாபாரம் ஓடுகிறது? உள்ளுக்குள் கூட்டு வைத்து விலையைப் பேசி முடித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். – ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் பாருங்கள்! உங்கள் ஊர் ஜவுளிச் சந்தையில் லுங்கிக் கடைக்குப் பக்கத்தில் லுங்கிக் கடை போட்டவரை யாரும் முட்டாள் என்று சொன்னதில்லை. நாலு கடை ஏறி இறங்கி, துணியைத் தடவிப் பார்த்து, பேரம் பேசி வாங்க ஆள் வரும் என்பதால்தான் அங்கே கடைகள் சேர்கின்றன. ஆனால் இதைச் சொல்லி உங்கள் வாயை அடைத்துவிட முடியாது. ராமெனைத் தடவிப் பார்த்து வாங்க முடியாதே. ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். அடுத்த கடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் நாளைக்குத்தான் வர வேண்டும். ஆகவே ஜவுளிச் சந்தைக் கணக்கு இங்கே பாதிதான் பொருந்துகிறது.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் கோளாறு இருக்கிறது. எல்லாருக்கும் எப்படி ஓடுகிறது என்கிறீர்கள். ஓடவில்லை. உங்கள் மகன் பார்த்தது இன்றைக்கு விளக்கு எரிகிற கடைகளை. போன வருடம் அதே இடத்தில் வேறு பெயர்ப்பலகை தொங்கியிருக்கலாம், அதற்கு முன்பு இன்னொன்று. ஜப்பானில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 72 ராமென் நிறுவனங்கள் சட்டப்படி திவாலாயின. அதற்கு முந்தைய வருடம் 53. ஒரு கோடி யென்னும் அதற்கு மேலும் கடன் வைத்துவிட்டு விழுந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இது. அடுப்பை அணைத்து, சத்தமில்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன சின்னக் கடைக்காரர்கள் இதில் சேர்த்தியில்லை. கூட்டம் கூட்டமாய்க் கடைகள் இருக்கின்றன என்பது உண்மை, ஆனால் அவை அதே கடைகள் அல்ல. பேட்டை நிலைத்து நிற்கிறது, கடைகள் வந்து போகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

சரி, ஏன் தகதனோபாபா? அங்கே மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன: நகரைச் சுற்றிவரும் யமனோதே, புறநகரிலிருந்து வரும் செய்பு ஷின்ஜுகு, சுரங்கத்தில் ஓடும் தோசாய். வசேதா பல்கலைக்கழகத்துக்குத் தோசாயில் இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷன் டிக்கெட்டை மிச்சம் பிடிக்க, மாணவர்கள் கூட்டமாக வசேதா தெருவில் சுமார் இருபது நிமிடம் நடந்தே போய்விடுவார்கள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் பசி. போதாக்குறைக்கு டியூஷன் நிலையங்கள், தொழிற்பயிற்சிப் பள்ளிகள், உங்கள் மகனைப் போன்றவர்கள் வந்து சேரும் ஜப்பானிய மொழிப் பள்ளிகள். கையில் காசு குறைவு, வயிறோ பெரிது, நேரமும் இல்லை. ராமென் இந்த மூன்றுக்குமே அளவெடுத்துத் தைத்த சாப்பாடு. சாதாரணக் கிண்ணத்தின் விலையிலேயே நூடுல்ஸைக் கூட்டிப் போடுகிறோம் என்று மாணவர் பேட்டைகளில் வாசலிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் ராமென் சாப்பிடுகிற பையன் மூன்று நாளும் ஒரே கடைக்குப் போக மாட்டான். திங்கட்கிழமை ஒரு கடை, புதன்கிழமை இன்னொரு கடை. அவனைப் பொறுத்தவரை அந்தத் தெரு முழுக்க ஒரே மெனு கார்டு. தனியாக ஒதுக்குப்புறத்தில் கடை போட்டவருக்கு அந்தப் பையன் மாதத்துக்கு ஒருமுறை வருவதே அதிகம். இங்கே அவன் தினமும் வாசலைத் தாண்டிப் போகிறான்.

பொருளாதாரம் படித்தவர்கள் உடனே ஹரால்ட் ஹோட்டலிங்கை இழுப்பார்கள். ஒரே தெருவில் இரண்டு வியாபாரிகள் இருந்தால், ஒருவர் வாடிக்கையை மற்றவர் பிடுங்கப் பார்த்து, கடைசியில் இருவரும் நடுவிலேயே முட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று 1929ல் அவர் எழுதிய கட்டுரை பிரபலமானது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு பேரும் விற்பது ஒரே சரக்கு. அதோடு, விலையிலும் போட்டி போட விட்டால் அந்தக் கணக்கு அப்படி நிற்காது என்று 1979லேயே மூன்று பொருளாதார நிபுணர்கள் காட்டிவிட்டார்கள். ராமென் தெருவை விளக்க அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ராமென் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் ராமென் ஒரே சரக்கு இல்லை. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டுப் பால் போல வெளுத்த கெட்டிச் சாறு ஒரு வகை. வடக்கே சப்போரோவிலிருந்து வந்த, மிசோ என்கிற புளித்த சோயா விழுதைக் கரைத்த ராமென் வேறு வகை. தகதனோபாபாவில் 2002ல் தொடங்கிய வதனபே கடையில் பன்றி எலும்புச் சாற்றோடு காய்ந்த மீனின் வாசனையும் தூக்கலாக இருக்கும். சாறே இல்லாமல் எண்ணெயிலும் சாஸிலும் பிரட்டித் தரும் நூடுல்ஸுக்கு வசேதா மாணவர்களிடையே தனி மவுசு உண்டு. நூடுல்ஸைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் தந்து, தொட்டுச் சாப்பிட வைக்கிற த்சுகேமென் இன்னொரு வகை. அதைக் கசுவோ யமகிஷி என்ற ராமென் சமையற்காரர் 1955ல் டோக்கியோவின் நகானோ பகுதியில் மெனுவில் ஏற்றினார், 1961ல் ஹிகாஷி இகெபுகுரோவில் சொந்தக் கடை திறந்தார். தகதனோபாபாவிலிருந்து இகெபுகுரோ யமனோதே ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். அங்கேயும் ராமென் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே புதிதாக வருகிறவர் பக்கத்துக் கடையைப் பார்த்து அதே சாற்றைக் காய்ச்ச மாட்டார். அங்கே கெட்டிச் சாறு என்றால் இவர் தெளிந்த சாறு. அங்கே மிசோ என்றால் இவர் உப்புச் சாறு. நெருங்கி நிற்கிற அளவுக்கு விலகியாக வேண்டும். வேறு வழியில்லை. கடைக்குள் நுழைந்ததும் நிற்கிற டோக்கன் மெஷினைப் பார்த்தால் இது தெரியும். கடைக்காரர் எதில் பெயர் வாங்கப் பார்க்கிறாரோ, அது பெரும்பாலும் இடது மேல் மூலை பட்டனில் இருக்கும். முதல் முறை வருகிறவர் அதைத்தான் அழுத்துவார் என்று அவருக்குத் தெரியும். எட்டோ பத்தோ ஸ்டூல், ஒரே நீளக் கவுன்டர். டோக்கனை வைத்த சில நிமிடங்களில் கிண்ணம் வரும், கால் மணி நேரத்தில் ஆள் எழுந்துவிடுவார். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் பின்னால் வரிசையில் நிற்கிறவர் முறைப்பார். அந்த வரிசை ரொம்ப நீண்டால் அதன் வாலில் இருப்பவர் பொறுமையிழந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பெரிய பெயர் வாங்கிய கடைக்கு அடுத்த கதவில் இடம் பிடிக்கிறவர் இந்த வாலையும் எண்ணித்தான் வாடகை பேசுகிறார்.

இனி வாடிக்கையாளர் கண்ணில் படாத காரணம். எனக்கு இதுதான் பெரிய காரணம் என்று படுகிறது. ராமென் அடுக்களை சாதாரண அடுக்களை இல்லை. அண்டா அண்டாவாக எலும்பு கொதிக்க அதிக காஸ் ஓட்டம் வேண்டும். வீச்சத்தையும் ஆவியையும் கூரை வரை கொண்டுபோகக் குழாய் வேண்டும். கழுவிய தண்ணீரில் மிதக்கும் கொழுப்பைப் பிடித்து நிறுத்தத் தரைக்கு அடியில் தொட்டி வேண்டும். இதையெல்லாம் வெறும் கட்டடத்தில் புதிதாகப் போட்டால் கடை திறக்கும் முன்பே கைப்பணம் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய தடை கட்டடக்காரர். மாடியில் குடியிருப்பவர்கள் எலும்பு வீச்சம் என்று புகார் கொடுப்பார்கள் என்று பயந்து, ராமென் என்றாலே இடமில்லை என்பவர்கள் அநேகம்.

இப்போது ஏற்கெனவே ஒரு ராமென் கடை நொடித்துப்போன இடத்தை நினைத்துப் பாருங்கள். குழாய், தொட்டி, அடுப்பு, கவுன்டர், சில சமயம் ஸ்டூல்கள் வரை அப்படியே இருக்கும். கட்டடக்காரருக்கும் வீச்சம் பழகிப்போயிருக்கும். இப்படி உள்ளிருப்புச் சாமான்களோடு கடையைக் கைமாற்றுவது ஜப்பானில் சர்வசாதாரணம். அதற்கென்றே தரகர்கள் உண்டு. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பைப் போட்டு முதல் கடை திறக்கிறவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆக, ஒரு ராமென் கடை செத்த இடத்தில் இன்னொரு ராமென் கடைதான் முளைக்கும். தோற்றவரின் அடுக்களை அடுத்தவரைக் கூப்பிடுகிறது. நீங்கள் முட்டாள்தனம் என்கிற முடிவை, வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படித் தெரியாது.

மளிகை, சரக்கு விஷயமும் இருக்கிறது, ஆனால் அது சின்ன விஷயம். பெரும்பாலான கடைகள் நூடுல்ஸைத் தாங்களே செய்வதில்லை, அசகுசா கைகரோ போன்ற நூடுல்ஸ் ஆலைகளிலிருந்து வாங்குகின்றன. ஆலையின் பெயர் எழுதிய பெட்டிகள் கடை வாசலில் அடுக்கியிருக்கும். ஒரே தெருவில் பல கடைகள் இருந்தால் வண்டிக்காரருக்கு வசதி, அவ்வளவுதான். இதற்காக யாரும் கடையைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

சேர்ந்து நின்றாலே போதும், கூட்டம் வந்துவிடும் என்று இதற்குள் நீங்கள் முடிவு கட்டியிருந்தால், டோக்கியோவின் ஏழாம் எண் வட்டச் சாலையை, அங்கே சொல்கிற மாதிரி சொன்னால் கன்னனாவை, ஒருமுறை பாருங்கள். 1987ல் அந்தச் சாலையோரம் நந்தென்கந்தென் என்ற கடை, தெற்கே ஹகாதா பாணியில் பன்றி எலும்பு ராமென் போட ஆரம்பித்தது. தலைநகரில் அந்தப் பாணி அப்போது அபூர்வம். இரவில் கார் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். அக்கம்பக்கத்தில் வேறு கடைகளும் முளைத்தன, டிவியும் பத்திரிகைகளும் இதைக் கன்னனா ராமென் யுத்தம் என்றே எழுதின. சுவைக்குக் குறைவில்லை, போட்டிக்கும் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் காரில் வந்தவர்கள், காரை நிறுத்தியது சாலையில். போக்குவரத்து நெரிசல், அக்கம்பக்கத்தார் புகார். 2006ல் சட்டத்தைத் திருத்தி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தும் வண்டிகளைப் பிடிக்கும் வேலையைத் தனியாரிடம் விட்டார்கள். ஒரு கிண்ணம் ராமெனுக்குப் பல மடங்கு அபராதம் கட்ட யார் வருவார்? 2012ல் நந்தென்கந்தென் அந்தச் சாலையில் கடையை மூடியது. தகதனோபாபாவில் வாடிக்கையாளர் வருவது காலில். ஸ்டேஷன் இருக்கும்வரை அந்தக் கால்கள் வரும்.

திட்டம் போட்டே இப்படிக் கூட்டம் சேர்த்தவர்களும் உண்டு. 1994ல் திறந்த ஷின் யோகோஹாமா ராமென் அருங்காட்சியகத்தில், 1958ஆம் ஆண்டுத் தெரு மாதிரி செட் போட்டு, பல ஊர்க் கடைகளை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். வயிறு ஒரே கிண்ணத்தில் நிறைந்துவிடும் என்ற சிக்கல் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் அங்கே எல்லாக் கடையிலும் சிறிய அளவுக் கிண்ணம் கிடைக்கும், மூன்று நான்கு கடை சுவைத்துப் பார்க்கலாம். பேட்டைக் கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அரைக் கிண்ணம் விற்றால் ஸ்டூல் வாடகை கட்டாது.

கடைசியாக உங்கள் கூட்டுச் சந்தேகம். ராமென் தொழிலில் ஆயிரம் யென் சுவர் என்று ஒரு பேச்சு உண்டு. கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டுப் போய்விடுவார் என்பது அதன் பொருள். மாவு விலை ஏறியது, காஸ் ஏறியது, கூலி ஏறியது, ஆனாலும் பல வருடமாக அந்தச் சுவரில் முட்டிக்கொண்டே கிடந்தார்கள். கூட்டு வைத்திருந்தால் எல்லாரும் ஒரே நாளில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்களே! ஏற்ற முடியவில்லை, ஏனென்றால் முதலில் ஏற்றுகிறவரின் வாடிக்கையாளர் பத்தடி நடந்தால் ஏற்றாத கடை வந்துவிடும். இப்போதுதான் சிலர் துணிந்து தாண்டியிருக்கிறார்கள். தாண்டாதவர்களில் பலர் அந்த இடது மேல் பட்டனை மட்டும் ஆயிரத்துக்குள் வைத்துவிட்டு, முட்டைக்கும் கூடுதல் இறைச்சிக்கும் தனி டோக்கன் போட்டுக் கல்லா கட்டப் பார்க்கிறார்கள். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், மாதக் கடைசியில் முட்டை பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோகாமல் இருந்தால் அவனுக்கு நல்லது.