"டூ யூ நோ"ல அந்த "டூ"வுக்கு என்ன அர்த்தம்? கேள்வியிலயும் "இல்ல"ன்னு சொல்றப்பவும் அது ஏன் நடுவுல வந்து நிக்குது? "ஹேவ் யூ எனி..."ன்னு அது இல்லாம கேக்கலாமா?

அந்த இடத்துல "டூ"வுக்குன்னு தனியா அர்த்தம் கிடையாதுங்க, ஆனா வேலை இருக்கு. "ஐ டூ மை வொர்க்"ன்னா "செய்"ங்கிற அர்த்தம் முழுசா இருக்கு, "டூ யூ நோ ஹிம்"ல அது காலத்தையும் ஆளையும் சுமக்க மட்டும்தான் வருது. இது ரெண்டையும் ஒரே அர்த்தத்துல மொழிபெயர்க்கப் பாக்குறதுனாலதான் நம்மாளுங்களுக்கு இவ்ளோ குழப்பம்.

நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறவன், தினமும் காதுல விழுற வாக்கியம் "ஐ டிடின்ட் வென்ட்". இதுக்கு கிராமர் ரூல் சொல்றதை விட தமிழையே கவனிக்கச் சொல்றதுதான் எனக்குப் பிடிக்கும். "போனேன்"ங்கிறதுக்கு எதிர்ப்பதம் என்ன, "போகல". அதாவது "போக இல்லை". "போனேன்"ல காலமும் இருந்துச்சு, ஆளும் இருந்துச்சு, "இல்லை" வந்த உடனே ரெண்டும் கழண்டு வெறும் "போக" ஆயிடுச்சு பாருங்க, நான் போகல, அவன் போகல, அவங்க போகல, எல்லாத்துக்கும் அதே "போக"தான். இங்கிலீஷ்லயும் அதேதான் நடக்குது, "டிட்" வந்த உடனே "வென்ட்" போயி வெறும் "கோ" ஆயிடுது. "போனேன்"னையும் "இல்ல"யையும் அப்படியே ஒட்டி "போனேன்ல"ன்னு சொன்னா அது "போனேன் தானே"ன்னு நேர் எதிரா அர்த்தம் ஆயிடும், அதனால தமிழ்ல யாரும் இந்தத் தப்பைப் பண்றதே இல்ல. "ஹி டஸின்ட் கோஸ்"ம் இதே கணக்குதான், அந்த "எஸ்" ஏற்கனவே "டஸ்"க்குள்ள போயாச்சு, திரும்ப "கோ"வுல ஒட்ட வேண்டியதில்ல.

இப்ப வரலாறு. "டூ" எப்பவும் இப்படிக் கட்டாயமா இருக்கல. ரொம்ப காலம் இங்கிலீஷ்லயும் "நோ யூ ஹிம்?", "ஐ நோ நாட்"னுதான் நேரா பேசினாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா "டூ" உள்ள வந்துச்சு, 1500கள்ல ரெண்டு வழக்கமும் பக்கத்துல பக்கத்துல ஓடிட்டு இருந்துச்சு. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல மத்தேயு 6:28 எடுத்துப் பாருங்க, காட்டுப்புஷ்பங்களைப் பத்தின வசனம், "தே டாயில் நாட், நைதர் டூ தே ஸ்பின்". முதல் பாதி "டூ" இல்லாம, ரெண்டாவது பாதி "டூ"வோட! தமிழ் பைபிள்ல "உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை"ன்னு ஒரே மாதிரி இருக்குற இடத்துல இங்கிலீஷ் ஒரே மூச்சுல ரெண்டு இலக்கணத்தைப் பேசுது.

சர்ச் கல்யாண உறுதிமொழியில வர்ற "டில் டெத் அஸ் டூ பார்ட்"டும் அந்தக் காலத்து "டூ"தான். முதல்ல அது "டில் டெத் அஸ் டிபார்ட்", அப்ப "டிபார்ட்"னா "பிரிச்சு வை"ன்னும் ஒரு அர்த்தம் இருந்துச்சு, பின்னாடி அந்த அர்த்தம் வழக்கொழிஞ்சு போனதால 1662 பிரார்த்தனைப் புத்தகத்துல "டூ பார்ட்"னு மாத்தினாங்க.

இந்த வழக்கம் ஏன் வந்துச்சுங்கிறதுல அறிஞர்கள் நடுவுல ஒத்த கருத்து கிடையாது. வேல்ஸ் மொழியில "செய்"ங்கிற வினையைத் துணைக்கு வெச்சுப் பேசுவாங்க, அங்கேருந்து வந்ததுன்னு ஒரு கட்சி, இல்ல தானா வளந்ததுன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, ஏன்னா ஜெர்மன்காரங்களும் பேச்சுல "டூன்"ங்கிற வினையை இப்படித் துணைக்குச் சேத்துக்குறாங்க, நாமளும் "கால் பண்ணு", "கன்ஃபார்ம் பண்ணு"ன்னு "பண்ணு"வை எதோட வேணா சேக்குறோம். "செய்"ங்கிற வினைக்குப் பல மொழியிலயும் இப்படித் தேஞ்சு துணைவினை ஆகுற குணம் இருக்கு.

எனக்கு இந்தச் சொல்லுல ரொம்பப் பிடிச்ச விஷயம் அதோட வேர். அதோட ஆதி அர்த்தம் "செய்" கிடையாது, "வை". அதுக்கு அடையாளம் இன்னிக்கும் இருக்கு, "டூ ஆன்" சேந்து "டான்" ஆச்சு, துணியை உடுத்துறது, "டூ ஆஃப்" சேந்து "டாஃப்" ஆச்சு, தொப்பியைக் கழட்டுறது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சேல் டீட்ங்கிறோமே, அந்த "டீட்"டும் இந்த வேர்தான். சமஸ்கிருதத்துல இதே வேர் "தா", "வை"ங்கிற அர்த்தத்துலயே இருக்கு, "கொடு"ங்கிற "தா" வேற, இதுல அழுத்தி உச்சரிக்கிற "த". அதுலேருந்து வந்து நம்ம தமிழ்ல புழங்குற சொற்கள்தான் நிதி, சந்தி, விதி.

இதுல "விதி"யைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். இங்கிலீஷ்ல "டூம்"னு ஒரு சொல், "டூ"வோட நேர் உறவு. பழைய இங்கிலீஷ்ல அதுக்கு அர்த்தம் சட்டம், தீர்ப்பு. 1086ல இங்கிலாந்து ராஜா எடுத்த நிலக்கணக்குக்கு "டூம்ஸ்டே புக்"னு பேர் வந்ததே, கடைசி நாள் தீர்ப்பு மாதிரி அதுல எழுதினதுக்கு மேல பேச்சு இல்லங்கிறதாலதான். அப்புறம் அதே சொல் தலையெழுத்து, அழிவுன்னு மாறிடுச்சு. நம்ம பக்கம் "விதி"க்கும் சட்டம்னு ஒரு அர்த்தம், தலையெழுத்துன்னு ஒரு அர்த்தம்! ஒரே வேர், ரெண்டு மொழி, ஒண்ணுக்கொண்ணு தெரியாமலேயே "வெச்ச சட்டம்"ங்கிறதுலேருந்து "தலையெழுத்து"க்குப் போயிருக்கு. இதை முதல் தடவை படிச்சப்ப அன்னிக்கு வேற வேலையே ஓடல எனக்கு.

பயன்பாட்டுல இன்னும் ரெண்டு விஷயம் கவனிங்க. தமிழ்ல "தப்பு பண்ணிட்டேன்"ங்கிறதால நம்மாளுங்க "ஐ டிட் எ மிஸ்டேக்"ன்னு சொல்லிடுறாங்க, அங்க "மேட்"தான் வரும். இதுக்கு ரூல் தேடி அலையாதீங்க, ஹோம்வொர்க்குக்கு "டூ", மிஸ்டேக்குக்கு "மேக்"னு ஜோடியாவே மனசுல வெச்சுக்கோங்க. அப்புறம் "ஐ டூ லைக் இட்"னு சும்மா வாக்கியத்துல "டூ" வந்தா அது அழுத்தம், "எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு"ங்கிற மாதிரி, நீங்க இல்லன்னு நினைச்சதை மறுத்துச் சொல்றது.

கடைசியா "ஹேவ் யூ எனி..."ன்னு "டூ" இல்லாம கேக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. எல்கேஜி பிள்ளைங்க பாடுற பா பா பிளாக் ஷீப்ல "ஹேவ் யூ எனி வுல்"னுதானே வருது, அது பழைய வழக்கு, தப்பில்ல. ஆனா இன்டர்வியூலயும் பரீட்சையிலயும் "டூ யூ ஹேவ்"ன்னே கேளுங்க, இன்னிக்கு எந்த ஊர்லயும் அது செல்லும்.