பால் கொப்பி எழுதும் பிள்ளை

கேள்வி: என் மகள் தரம் 5 படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் ரீச்சர், "புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குச் சரிவராது, 70 எடுத்தாலே போதும்" என்றார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மா, "வன்னிப் பிள்ளைக்குக் கோட்டா இருக்குத்தானே, ஏன் கஷ்டப்படுத்துறாய்" என்கிறார். கணவர் இல்லை. இரண்டு மாடுதான் வருமானம். பால் கணக்குக்கூட மகள்தான் கொப்பியில் எழுதுவாள். போன மாதம் ஒரு நாள் பால் விடுபட்டிருக்கிறது என்று பால் எடுக்க வருபவரிடம் கேட்கப் போனாள். பெரியாக்களோடு வாய்காட்டாதே என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்களைப் போன்ற ஆட்களின் பிள்ளையும் மற்றவர்கள் நினைப்பதைவிட மேலே வரலாம் என்று அவளை நம்பவைக்க என்ன கதைகள் சொல்லலாம்?
(ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: கதை ஒன்றும் வேண்டாம், தங்கச்சி. கேட்ட கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்தின் நடுவிலேயே கிடக்கிறது. நீங்கள்தான் அதை மிதித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

ஒரு தரம் 5 பிள்ளை தினமும் பால் அளவை எழுதுகிறாள். அரை லீற்றர், கால் லீற்றர் எல்லாம் கூட்டுகிறாள். கொழுப்பின் அளவைப் பொறுத்து விலை கூடிக் குறைவதையும் கவனித்திருப்பாள். பிறகு பால் எடுப்பவர் கொடுத்த கணக்குத் துண்டை எடுத்து, தன் கொப்பியோடு வைத்துப் பார்த்து, ஒரு நாள் காணவில்லை என்று கண்டுபிடிக்கிறாள். கொழும்பில் இதே வேலைக்குக் கணக்காய்வு என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தது ரீச்சரும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. நீங்கள்.

ஏன் இழுத்தீர்கள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. பால் எடுக்க வருபவர் முகம் சுளித்தால் நாளைக்குப் பாலை யார் எடுப்பது? 2009க்குப் பிறகு முகாமில் வரிசையில் நின்று வாழ்ந்த சனம் நாங்கள். கேள்வி கேட்டால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் கம்பிவேலியோடு முடிந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பயம் உங்களுடையது. அதை அவளுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்காதீர்கள். "எங்களைப் போன்ற ஆட்கள்" என்ற சொற்களையும் இனிமேல் பிள்ளை காதுபட எடுக்காதீர்கள். ரீச்சரின் வசனம் கூட்டத்தில் ஒருமுறை வந்தது. வீட்டில் எத்தனை முறை வந்திருக்கும்?

1960களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஒரு ஆரம்பப் பாடசாலையில், ரொபர்ட் ரோசெந்தால் என்ற உளவியலாளரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற அதிபரும் ஒரு வேலை செய்தார்கள். பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் எடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப் போகிறவர்கள், சோதனையில் தெரிந்தது" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சொன்னது பொய். ஆனால் ஆண்டு முடிவில், முதலாம் இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனைப் புள்ளி மற்றவர்களைவிட அதிகமாகக் கூடியிருந்தது. 1968இல் இதை வெளியிட்டார்கள். மேடைப் பேச்சாளர்கள் இதை இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மிச்சக் கதைதான் எனக்கு முக்கியம். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது பலன் சிறிதாகவே வந்தது, சிலருக்கு வரவேயில்லை. 1984இல் ஸ்டீபன் ரௌடன்புஷ் என்பவர் இப்படியான 18 பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். அந்தப் பொய்யைக் கேட்பதற்கு முன்பே ஆசிரியருக்குப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழக்கம் இருந்தால், பொய் பெரிதாக வேலை செய்யவில்லை.

அங்கே இரண்டு வாரம். உங்களுக்கு உங்கள் மகளைப் பிறந்த நாளிலிருந்து தெரியும். "நீ பெரிய ஆளாய் வருவாய்" என்று நீங்கள் நம்பாமல் சொன்னால் உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பால் கொப்பி அப்படியல்ல, அது நடந்த விஷயம். அதைக் காட்டிப் பேசினால் நீங்கள் நடிக்கத் தேவையில்லை.

ஆசிரியரின் நம்பிக்கை பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்றும் ரோசெந்தால் பிற்காலத்தில் எழுதினார். பெரிதாக ஒன்றுமில்லை. கெட்டிக்காரர் என்று நினைத்த பிள்ளைக்கு ஆசிரியர் கடினமான பாடத்தைக் கொடுக்கிறார், பேச இடம் கொடுக்கிறார், பதிலுக்குக் கொஞ்சம் கூட நேரம் காத்திருக்கிறார், முகம் கொடுத்துக் கதைக்கிறார். காசு செலவாகிற காரியம் இதில் ஒன்றுமில்லை.

சரி, ரீச்சருக்கு வருவோம். புலமைப்பரிசில் இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. 70 எடுத்தால் சித்தி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலைக்கும் வேண்டிய வெட்டுப்புள்ளி அதைவிட எவ்வளவோ மேலே. வகுப்பு முழுவதற்கும் 70 என்று கோடு கிழித்தவர், 70க்கு மேலே உள்ளதைச் சொல்லிக்கொடுக்க மினக்கெடுவாரா? அடுத்த கூட்டத்தில் சண்டை போடாதீர்கள். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டி, "இதைச் செய்கிற பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறாள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் காலை பஸ்ஸில் வந்து மதியம் திரும்புகிறவராகவும் இருக்கலாம், உங்கள் பிள்ளை மாட்டுக்காலைக்குள் என்ன செய்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டாலும் குடி முழுகாது. தரம் 5இல் அதை எடுக்காத எத்தனையோ பேர் உயர்தரத்தில் எடுத்துப் பல்கலைக்கழகம் போகிறார்கள்.

பெரியம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அவர் சொல்லும் கோட்டா இதுதான்: பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு, 40 வீதம் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உங்கள் முல்லைத்தீவு மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. அவர் இருக்கும் யாழ்ப்பாண மாவட்டமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, இதை ஒருமுறை தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இல்லாத ஆய்வுகூடத்துக்கும் வராத ஆசிரியருக்கும் கொடுக்கிற ஈடு அது, மூளைக்கு அல்ல. உயர்தர வினாத்தாளில் வன்னிப் பதிப்பு என்று ஒன்று கிடையாது. உள்ளே போன பிறகு கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளையிடமோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் படிக்கிற பிள்ளையிடமோ எந்த விரிவுரையாளரும் கோட்டாவுக்கென்று தனிக் கேள்வி கேட்கப் போவதில்லை.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு வந்தாள். பாவம், பழகட்டும் என்று மரண அறிவித்தல்களை மட்டும் பிழை திருத்தக் கொடுத்தேன். என் மனதில் அது இரக்கம். ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நான் எழுதும் ஆசிரியர் தலையங்கத்தையும் அச்சுக்குப் போகுமுன் அவள் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தாள் என்று. ஒற்றுப்பிழை மட்டுமல்ல, ஒருமுறை ஆண்டையே மாற்றியிருந்தாள். அவள் மாற்றியதுதான் சரி.

அடுத்த கணக்குத் துண்டு வரும் நாளில் கொப்பியை மகளின் கையில் கொடுத்து அனுப்புங்கள். "மாமா, இந்தத் திகதி விடுபட்டிருக்கு, ஒருக்கா பார்ப்பீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அந்த ஒரு நாள் பால் காசு வந்ததா என்று அடுத்த இதழுக்கு எழுதுங்கள். கடிதத்தை அவளே எழுதட்டும்.