மறந்துபோன அடிக்கு வாய்தா

கேள்வி: போன மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு மூத்த நாட்டுப்புறப் பாடகரின் கச்சேரியை முதல்முறையாக நேரில் கேட்டேன். கேசட் காலத்திலிருந்து அவருக்கு நான் ரசிகை. இப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது. இரண்டு பாட்டில் அடி மறந்து நின்றுவிட்டார். கீபோர்டோடு சுருதியும் சேரவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஆனால் எழுந்து வரவும் முடியவில்லை. இப்படிப்பட்டவர்கள் உரிய நேரத்தில் ஓய்வு பெறுவதுதானே மரியாதை?

(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: கச்சேரி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் இந்தச் சொல்லை விசாரித்துவிடலாம்.

நம் பாட்டனார் காலத்தில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ‘கச்சேரிக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று கிளம்பினால், வீட்டுப் பெண்கள் குலசாமிக்குக் காசு முடிந்து வைத்திருப்பார்கள். கச்சேரி என்றால் அன்றைக்குச் சர்க்கார் ஆபீஸ், கோர்ட்டு. தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி என்றெல்லாம் சொன்னார்கள். இந்தியில் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டின் பெயரைச் சபாக்களின் உபயம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த ரோட்டில் இருப்பது போலீஸ் ஸ்டேஷன். அப்புறம் நாலு பேர் கூடி உட்கார்ந்த இடமெல்லாம் கச்சேரி ஆயிற்று. சீட்டுக் கச்சேரி, அரட்டைக் கச்சேரி என்ற வரிசையில் பாட்டும் வந்து உட்கார்ந்தது.

சொல்லை விட்டுப் பழைய வாசனை போகவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. கூண்டில் ஒரு கிழவர் நிற்கிறார். டவாலி (இப்போது தொகுப்பாளர் என்கிறார்கள்) மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள்: மேல் ஸ்தாயியில் குரலை உடைத்தது, பொதுமக்கள் முன்னிலையில் அடி மறந்தது, பணியிலிருந்த கீபோர்டுக்கு ஒத்துழைக்க மறுத்தது. முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கனம் கோர்ட்டாரவர்களாக நீங்கள். தீர்ப்பு: கட்டாய ஓய்வு. நடுவில் ‘எழுந்து வரவும் முடியவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. அது தீர்ப்பைச் சேர்ந்ததா, கருணை மனுவா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

கூண்டில் ஏறியவரிடம் முதலில் பெயரும் ஊரும் கேட்பார்கள். நாட்டுப்புறப் பாடகர்களையும் நாம் ஊரோடு சேர்த்தே அழைக்கிறோம். கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா. கர்நாடக சங்கீதத்திலும் அப்படித்தானே என்பீர்கள். அங்கே சங்கதி வேறு. ‘அரியக்குடி’ என்று ஊரை மட்டும் சொன்னால் ராமானுஜ ஐயங்கார் வந்து நிற்பார். ‘செம்மங்குடி’ என்றால் சீனிவாச ஐயர். ‘கொல்லங்குடி’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். இத்தனைக்கும் அரியக்குடியும் கொல்லங்குடியும் இன்றைக்கு ஒரே சிவகங்கை மாவட்டம். எதற்குப் பின் எதைப் பாடுவது, எதை எவ்வளவு நேரம் பாடுவது என்று இன்றைய கச்சேரிக்கு ஒழுங்கு அமைத்துக் கொடுத்தவர் என்று அரியக்குடியைச் சொல்வார்கள். வானொலியில் பாடிக்கொண்டிருந்த கருப்பாயியை 1985-ல் ‘ஆண் பாவம்’ வந்த பிறகுதான் ஊருலகம் திரும்பிப் பார்த்தது. 2025-ல், 99 வயதில் காலமானார்.

செம்மங்குடி தொண்ணூறு வயதிலும் மேடையேறினார். சிறு வயதிலேயே அவர் குரல் சண்டித்தனம் செய்யும் குரல்தான், அதை அடித்துப் பழக்கி ஆயுசுக்கும் வேலை வாங்கினார் மனிதர். அதற்கு ஒரு கும்பிடு. என் சண்டை அவரோடு இல்லை, கேட்கிற நம் காதோடு. அந்த மேடையில் குரல் கொஞ்சம் நின்றால் ஞானம் பேசுகிறது என்கிறோம். இந்த மேடையில் நின்றால் வயசாயிடுச்சு என்கிறோம். இதை எழுதியதற்காக டிசம்பரில் எனக்கு எந்தச் சபாவும் பாஸ் தராது. எழுதாத வருஷமும் தரவில்லை.

சரி, குரல் உடைவது. குரல்நாண்களும் தசைதான், வயதானால் மெலிந்துவிடுகின்றன. குரல்வளையின் குருத்தெலும்பு இறுகி எலும்பாகிவிடுகிறது. நெஞ்சில் காற்றுத் தங்குகிற அளவு குறைகிறது. இன்னொரு வேடிக்கை, வயதாக ஆக ஆண் குரல் சற்று ஏறும், பெண் குரல் இறங்கும். நாற்பது வருஷம் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் ஏறாமல் குடித்தனம் நடத்தியவர்கள் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே கட்டைக்கு வந்து சேர்கிறார்கள். அப்போது காது கேட்பதில்லை. உங்கள் பாடகர் மூச்சுக்கு ஏற்ப அடியை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு ‘ஏலே’யோ ‘தன்னானே’யோ போட்டு நிரப்பியிருப்பார். கவனித்தீர்களா? அந்த இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் நான் நேரில் போவேன். உடையாத குரல் வேண்டுமென்றால் கேசட்டே போதும்.

அடுத்த குற்றச்சாட்டு, கீபோர்டு. இதில் எனக்குப் பழைய பகை உண்டு என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக மறுபடியும். 1939-ல் லண்டனில் ஒரு மாநாடு கூடி, வாத்தியங்களெல்லாம் சேர வேண்டிய ஒரு சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்று தீர்மானம் போட்டது. அந்தச் சுற்றறிக்கை நம் கிழவரின் ஊருக்கு வரவில்லை. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை, எல்லாம் சம தூரம், ரேஷன் கடை வரிசை மாதிரி. நாட்டுப்புறக் குரல் இரண்டு கட்டைக்கு நடுவில் உள்ள சந்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறது. இந்தக் காரணத்தையும் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டது, 1971 வரை கதவு திறக்கவில்லை. தடை எனக்குச் சம்மதமில்லை. ஆனால் தாத்தாவை வாசலில் நிறுத்திய நாட்டில், பேரனை மேடைக்கு நடுவில் உட்காரவைத்து, பாடுகிறவரை அவனுக்கு அனுசரித்துப் போகச் சொல்வது என்ன நியாயம்? அந்தப் பெட்டியில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் அரைக் கட்டை இறங்கும். எண்பது வயதுக்காரர் ஏறுவதைவிடப் பெட்டி இறங்குவது சுலபம். வாசித்தவருக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஓய்வு பெற வேண்டியவர் அவர்.

2022-ல் அட்டப்பாடி நஞ்சம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தபோதும் இதே சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிலர் வந்தார்கள். முறையாகப் பாடம் கேட்டவர்கள் கதி என்ன என்றார்கள். ஆடு மாடு மேய்க்கிற இருளர் பெண். பாட்டு அவர் மொழியில். படம் மலையாளம், ஆனால் பாட்டைக் கேட்டால் நமக்கும் பாதி புரிகிறது. அப்போது இங்கே நான் நாலு வரி எழுதப்போய், சங்கீதம் தெரிந்த ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தச் சொன்னார். நிறுத்தப் போனபோதுதான் தெரிந்தது, அவருக்கு நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தது ஓசிப் பிரதி.

இனி, அடி மறந்த விவகாரம். கம்பர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏற்றம் இறைக்கிறவன் ‘மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே’ என்று பாடுவதைக் கேட்டு நின்றாராம். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டாராம். அவனோ இறைப்பு முடிந்து வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் விடியலில் திரும்ப வந்து, பனிநீரை வாங்குகிற கதிரோனைக் கேட்ட பிறகுதான் கம்பருக்கு நிம்மதி. ராத்திரி முழுக்க ஒரு அடிக்காகக் காத்திருந்தார், கவிச்சக்கரவர்த்தி. நடந்ததோ இல்லையோ, கதை நம் ஆட்கள் கட்டியது. கேட்கிறவன் காத்திருக்க வேண்டும் என்று நினைத்த ஆட்கள்.

அந்த ஏற்றக்காரன் கம்பருக்காகப் பாடவில்லை என்பதையும் பாருங்கள். எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணுவதற்கும், ஏற்றத்தின்மேல் ஏறி மிதிக்கிறவர்களுக்குக் கால் தப்பாமல் இருப்பதற்கும் பாடினான். நடவுப் பாட்டென்றால் ஒருத்தி முன்னால் எடுப்பாள், மற்றவர்கள் பின்னால் வாங்குவார்கள். எடுத்தவள் ஒரு அடியை மறந்தால் பக்கத்து வரப்பிலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும். சில சமயம் அது வேறு அடியாக இருக்கும், மறுவருஷம் அதுவே பாட்டாகிவிடும். மறதி இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகளில் பாதி பிறந்தே இருக்காது. அப்படிப்பட்டவரைத் தனியாக மேடையில் நிறுத்தி, முன்னால் ஐந்நூறு நாற்காலி போட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் கேசட் காலத்து ரசிகை. அவர் அடி மறந்தார் என்று கண்டுபிடித்தீர்கள் என்றால் அந்த அடி உங்களுக்குத் தெரியும். ஏன் அம்மா, நீங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை? வாயில் என்ன இருந்தது? கையில் என்ன இருந்தது என்று கேட்க மாட்டேன், அது செல்போன்.

ஓய்வு பற்றிக் கேட்டீர்கள். ஓய்வு என்பது பென்ஷன் வருகிறவர்கள் பேசுகிற பேச்சு. ‘நலிந்த கலைஞர்’ என்று சர்க்காரில் ஒரு சொல் இருக்கிறது. நிதியுதவி வேண்டுமென்றால் நான் நலிந்துவிட்டேன் என்று ஒருவர் தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைவிட ஐந்து பாட்டு பாடி, குரல் உடைந்து, கவர் வாங்கிக்கொண்டு போவது எவ்வளவோ மேல். நிறுத்த வேண்டியது வேறொன்று. ஆறு மணி நிகழ்ச்சிக்கு அவர் எத்தனை மணிக்குப் பாட ஆரம்பித்தார் என்று நீங்கள் எழுதவில்லை, நான் சொல்கிறேன்: எட்டரை. அதுவரை வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பதினேழு பொன்னாடை. எண்பது வயது மனிதரை இரண்டரை மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் இல்லாமல் உட்காரவைத்து, பிறகு மேல் ஸ்தாயியைப் பிடி என்றால், இருபது வயதுக்காரனுக்கே குரல் உடையும்.

பாட்டுக்கு ஆள் வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது எங்கள் தெருவில் இருந்த ஒரு கிழவி. ஒப்பாரியில் கெட்டிக்காரி, சுற்றுப்பட்டு ஊரிலெல்லாம் சாவு விழுந்தால் வண்டி கட்டி அழைத்துப் போவார்கள். கல்லூரி முடித்த திமிரில், கடன் வாங்கிய டேப் ரெக்கார்டரோடு அவள் முன்னால் போய் உட்கார்ந்து, ‘அப்பத்தா, ஒப்பாரி பாடு, பதிவு பண்ணணும்’ என்றேன்.

‘யாரு செத்தா?’ என்றாள்.

யாரும் சாகவில்லை, ஆராய்ச்சிக்கு என்றேன். ‘சாவு விழாம எப்படிடா பாடுறது, வீட்டுக்கு ஆகாது’ என்றாள். கெஞ்சினேன், வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள் அலையவிட்டுக் கடைசியில், ‘சரி, நீ படுத்துக்க. பாடுறேன்’ என்றாள்.

படுத்தேன். திண்ணையில், தெற்கே தலை வைத்து, அவளே துண்டை எடுத்து முகம் வரை போர்த்திவிட்டாள். ஆரம்பித்தாள் பாருங்கள், உயிரோடு இருந்த எனக்கே என்மேல் அழுகை வந்தது. நான் பட்டாளத்துக்குப் போன கதை, இலங்கைக்குக் கப்பல் ஏறிய கதை, மாமன் மகளை மாலையிடாமல் போன கதை என்று எனக்கு நடக்காததெல்லாம் வந்தது. இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா தெருமுனையிலேயே கேட்டுவிட்டாள். குடம் விழுந்த சத்தம் பதிவாகியிருக்கிறது. அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு நிமிடம் ஒப்பாரி, மீதி இருபத்தெட்டு நிமிடம் எனக்கும் கிழவிக்கும் சேர்த்து அம்மா விட்ட வசவு. ஒரு அடி மறக்கவில்லை.